திரைக்குப் பின்னால் விழுந்த பகடையை நடத்துநர் மாற்றிச் சொல்லலாமா?

வாவிக்கரை (கல்லடி):
ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாக ஆட, நடத்துநர் கதையையும் எதிரிகளையும் இயக்க, பகடை விளைவைத் தீர்மானிக்கும் மேசை விளையாட்டு டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். ஐவர் கொண்ட குழுவுக்கு அதன் ஐந்தாம் பதிப்பை, 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, என் பகடைகளை ஒரு சிறு திரைக்குப் பின்னால் உருட்டி, நடத்தி வருகிறேன். புதிதாகத் தொடங்கிய கதையில், முதல் நிலையில், அதாவது தொடக்கப் படியில், இருந்த மந்திரவாதி ஒருவரைக் கோப்லின் என்ற குட்டி அரக்கன் ஒன்று வளைவாளால் வெட்டியபோது, இருபது முகப் பகடையில் 20 விழுந்தது. அவ்வாறு விழுந்தால் சேதப் பகடையை இரட்டிக்க வேண்டும் என்பதால் ஆறுமுகப் பகடைகள் இரண்டை உருட்டினேன். 36இல் ஒரு தடவையே நேரக்கூடியது நேர்ந்தது: இரண்டிலும் 6. கோப்லினுக்குரிய 2ஐயும் கூட்டினால் சேதம் 14. மந்திரவாதியின் உயிர்ப்புள்ளிகளோ 7. உயிர்ப்புள்ளிகள் தீர்ந்த பின்னும் எஞ்சும் சேதம் அவருடைய முழு உயிர்ப்புள்ளிகளுக்குச் சமமானால் அந்த இடத்திலேயே மரணம் என்பது விதி. நான் "ஒன்பது" என்று சொல்லி அவரை மயக்கத்தோடு விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, மந்திரவாதியாக ஆடியவரிடம் உண்மையைச் சொன்னேன். "அப்படியென்றால் இதற்கு முன் நான் தப்பியதெல்லாம் என் கெட்டித்தனமா, உங்கள் இரக்கமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிலிருந்து, எல்லாப் பகடையையும் மேசை நடுவில், எல்லோரும் காண உருட்ட வேண்டும் என்றே கருதுகிறேன்.

கடற்காற்று (அக்கரைப்பற்று):
நான் இதனை ஏற்கவில்லை. என் குழுவில் நால்வர் சாதாரண தர மாணவர்கள். சனிக்கிழமை ரியூஷன் முடிந்து வரும் அவர்களில் ஒருவர், ஒரு வாரம் இருந்து வரைந்தும் எழுதியும் உருவாக்கிய பாத்திரம் முதல் மணித்தியாலத்திலேயே இறந்தால், மீதிப் பொழுது முழுவதும் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏழு உயிர்ப்புள்ளி உள்ளவருக்கு முன்னால் எத்தனை கோப்லின்களை நிறுத்துவது என்று தீர்மானித்தவன் நான். கணக்குப் பிழை என்னுடையதாக இருக்கத் தண்டனை அந்தப் பிள்ளைக்கு ஏன்? திரைக்குப் பின் உருட்டினால் வேண்டியபோது விளைவை மாற்றிக்கொள்ளலாம் என்பதை அந்தப் பதிப்பின் நடத்துநர் கையேடே சொல்கிறது.

வாவிக்கரை:
கையேடு இடம் தருகிறது என்பது சரி. ஆனால் அதே விதிகளில் வேறொரு வழியும் இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் நின்று ஆயுதத்தால் ஒருவரை வீழ்த்துபவர், கொல்லாமல் மயங்கச் செய்வதாக அந்தக் கணமே அறிவிக்கலாம். ஆகவே 14 என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, "கோப்லின் உன்னைக் கொல்லவில்லை, கட்டி இழுத்துப் போகிறது" என்றிருக்கலாம். மீட்கப் போவதே அடுத்த வாரக் கதையாகியிருக்கும். எனக்கு அன்று பொய் தேவைப்படவே இல்லை என்பது இதை எழுதும்போதுதான் விளங்குகிறது.

கடற்காற்று:
வாளுக்கு அது பொருந்தும். அதே கோப்லின் குறுவில்லும் வைத்திருக்கிறது; சேதம் அதே அளவு. தூரத்தில் இருந்து எய்யும் அம்புக்கு நீங்கள் சொல்லும் விதி உதவாது.

களரி (வந்தாறுமூலை):
இருவரும் மறைத்தலையும் மாற்றலையும் ஒன்றாகப் பார்க்கிறீர்கள். பொறி இருக்கிறதா என்று தேடும்போது உருட்டும் பகடையை மறைப்பது நியாயம். 3 என்ற சிறிய எண் விழுந்து தேடல் தோற்றதைக் கண்ட ஆட்டக்காரர், "ஒன்றும் தென்படவில்லை" என்ற பதிலை எப்படி நம்புவார்? மறைத்த எண்ணை அப்படியே மதித்து நடப்பதுதான் முக்கியம்.

மரணத்தைப் பொறுத்தவரை எனக்கு நினைவுக்கு வருவது நம்மூர் வடமோடிக் கூத்து. சக்கர வியூகத்துக்குள் நுழையும் அபிமன்யு மீளமாட்டான் என்று தெரிந்தும் சனங்கள் வட்டக்களரியைச் சுற்றி விடியும்வரை இருக்கிறார்கள். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் திரைக்குப் பின்னால் அல்ல, மத்தளத்தோடு எல்லோர் கண்முன்னும் களரியில் நிற்கிறார். அபிமன்யுவைக் காப்பாற்ற அவர் கதையைத் திருப்பினால், அத்தனை நேர ஆட்டத்துக்கும் பெறுமதி என்ன?

கடற்காற்று:
உவமை அழகானது, ஆனால் அபிமன்யுவின் முடிவு ஆட்டம் தொடங்குமுன்பே எழுதப்பட்டது, அவனாக ஆடுபவர் அதை அறிந்தே காலில் சதங்கை கட்டுகிறார். என் மாணவர் அப்படியொரு முடிவுக்குச் சம்மதித்து வரவில்லை.

வாவிக்கரை:
அப்படியானால் அந்தச் சம்மதத்தை முதல் நாளே கேட்போம். முதலிரண்டு நிலைகளிலும் யாரும் இறப்பதில்லை, வீழ்ந்தவர் காயத்தோடோ சிறைப்பட்டோ தொடர்வார், மூன்றாம் நிலையிலிருந்து பகடை சொல்வதே முடிவு என்று எல்லோருமாகத் தீர்மானித்துவிட்டால், அம்புக்கும் வழி கிடைக்கிறது, திரையும் வேண்டியதில்லை. அடுத்த சனிக்கிழமை இப்படித்தான் தொடங்கப்போகிறேன். களரி சொன்ன தேடற் பகடைகளை மட்டும் ஒரு கிண்ணத்தின் கீழ் உருட்டுவேன்.

கடற்காற்று:
சாவு இல்லை என்று முன்கூட்டியே தெரிந்த பிள்ளை, கோப்லினைக் கண்டு ஒளிய இடம் தேடுமா? அந்தப் பயமும் வேண்டும், பிள்ளையின் பாத்திரமும் பிழைக்க வேண்டும். இரண்டையும் எனக்குத் தருவது திரை ஒன்றுதான். என் குழு மூன்றாம் நிலைக்கு வரும்வரை அதை எடுக்கமாட்டேன். உங்கள் மந்திரவாதி என்னிடமும் அதே கேள்வியைக் கேட்டால், "முதலிரண்டு நிலைகளில் இரக்கம், அதன் பின் நீ" என்று நேராகவே சொல்வேன்.