குளிர் நாட்டில் பெரிய போர்டுக்கு எந்த ஸ்டிக்கர்? கடலூர், புதுச்சேரியிலிருந்து போனவர்களுக்கு

திருப்பாப்புலியூரில் ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்த்துவிட்டு இப்போது கனடாவில் விண்ணிபெக்கில் சைன் கம்பெனியில் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்:

"அண்ணே, குடோன் சுவத்துக்கு 12 அடி உயரம், 40 அடி நீளத்துல ஒரு போர்டு வந்திருக்கு. இங்க காலையில மைனஸ் 5 வந்தாச்சு. எந்த ஸ்டிக்கர் எடுக்கலாம்னு என்னைக் கேக்கறாங்க. ரோல் பேப்பர்ல மைனஸ் 40 வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கு. அதை நம்பி வெளியிலயே ஒட்டலாமா?"

ஒட்டாதீங்க தம்பி. அந்த மைனஸ் 40 ஒட்டி முடிச்சு, பசை நல்லா பிடிச்ச பிறகு தாங்கக்கூடிய குளிர். ஒட்டும்போது எவ்வளவு சூடு இருக்கணும் என்பது அதே தாளில் தனி வரியாக இருக்கும். பெரும்பாலான ஸ்டிக்கருக்கு அது 4 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குள். அமெரிக்கத் தாளில் 40, 50 என்று போட்டிருந்தால் அது பாரன்ஹீட், நம்ம கணக்கில் அதே 4, 10தான். ரோலை வாங்குவதற்கு முன்னாடி முதலில் தேட வேண்டியது இந்த வரியை. நான் கனடாவில் இந்த வேலை பார்த்துவிட்டு இப்போது முத்தியால்பேட்டையில் கடை வைத்திருக்கிறேன். இங்கே மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்த வரியை யாரும் பார்ப்பதே இல்லை. பார்க்கத் தேவையும் இல்லை. நமக்கு இங்கே எதிரி வெயில், உப்புக்காத்து, அப்புறம் 2011இல் வந்த தானே மாதிரி புயல்.

பசை அழுத்தத்தில் பிடிக்கிற ரகம். தேய்க்கும்போது மெதுவாக இளகி, தகட்டின் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களுக்குள் இறங்கணும். குளிரில் இறுகிப்போய் மேடுகளின் நுனியில் மட்டும் உட்கார்ந்திருக்கும். பார்த்தால் ஒட்டின மாதிரியே தெரியும். ராத்திரி காத்து அடித்ததும் மூலை தூக்கும், அதுக்குள் ஈரம் போய் உறைந்து இன்னும் தூக்கும். முழுப் பிடிப்பு வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால் ஒட்டும் நேரத்தில் மட்டும் சூடு இருந்தால் போதாது, மறுநாள் வரைக்கும் இருக்கணும்.

உங்கள் வேலைக்கு என் பதில்: கடைக்குள்ளேயே தகட்டில் ஒட்டி, அங்கேயே மறுநாள் வரை வைத்திருந்து, பிறகு கொண்டுபோய் மாட்டுங்க. 4 அடிக்கு 12 அடி ஏசிபி ஷீட்டை (நடுவில் பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியம் உள்ள தகடு) நிமிர்த்தி வைத்தால் 10 ஷீட்டில் 40 அடி முடிந்துவிடும்.

இனி ஸ்டிக்கர் ரகம். செய்கிற முறையை வைத்து காலண்டர், காஸ்ட் என்று இரண்டு. இதில்தான் காசு மிச்சம் பிடிக்கப் பார்ப்பாங்க.

காலண்டர் ரகத்தைச் சூடான உருளைகளுக்கு நடுவில் நசுக்கி இழுத்துச் செய்வாங்க. இழுத்த இழுப்பு உள்ளேயே தங்கிவிடும், நாள்பட நாள்பட பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். காஸ்ட் ரகம் அப்படி இல்லை. திரவமாக ஊற்றி அடுப்பில் காயவைப்பதால் இழுப்பே கிடையாது. கனமும் குறைவு, சுமார் 50 மைக்ரான். காலண்டர் 65இலிருந்து 100 வரை வரும். கனமாக இருந்தால் உறுதி என்று நம்ம ஊரில் கையால் தடவிப் பார்த்துச் சொல்வோம். அந்தக் கணக்கு இதில் செல்லாது. குளிரில் முதலில் விறைத்து விரிசல் விடுவது பெரும்பாலும் அந்தக் கனமான மலிவு ரகம்தான். காலண்டரிலேயே மலிவான, அதிகம் சுருங்குகிற மோனோமெரிக், சுருக்கம் குறைந்த பாலிமெரிக் என்று இரண்டு உண்டு. மோனோமெரிக்கைப் பல வருஷம் நிற்க வேண்டிய வெளி போர்டுக்குத் தொடாதீங்க. சமதளத் தகடு, சின்ன பட்ஜெட் என்றால் நல்ல பாலிமெரிக் ஓடும். உங்களுக்கு வந்திருக்கிற அளவுக்கு நான் காஸ்ட்தான் எடுப்பேன். ரிவெட், வளைவு, நெளி தகடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், காஸ்ட்.

பிரிண்ட் அடித்து லேமினேஷன் போடுவதாக இருந்தால் காஸ்ட் மேல் காஸ்ட் லேமினேஷனே போடுங்க. கீழே காஸ்ட், மேலே காலண்டர் போட்டால் மேலே இருப்பது சுருங்கிக் கீழே இருப்பதையும் ஓரத்திலிருந்து இழுத்துக்கொண்டு வரும். ஈகோ சால்வென்ட் (கரைப்பான் கலந்த இங்க்) பிரிண்டைக் குறைந்தது ஒரு நாள் காயவிடாமல் லேமினேஷன் போட்டால் இங்க் கரைப்பான் பசைக்குள் இறங்கிக் கெடுத்துவிடும். இது இங்கேயும் உண்மைதான். இங்கே சூட்டில் ஓரளவு தப்பித்துவிடும், அங்கே தப்பிக்காது.

இங்கிருந்து கையோடு எடுத்துப்போகிற பழக்கங்களில் ஒன்று சோப்புத் தண்ணி தெளித்து ஒட்டுவது. குளிரில் அந்தத் தண்ணி பசைக்கும் தகட்டுக்கும் நடுவில் தங்கி உறையும். இப்போது நல்ல ரோல்களில் காத்து வெளியேற பசையிலேயே நுண்ணிய வாய்க்கால் வைத்திருக்காங்க. அதில் தண்ணி அடித்தால் வாய்க்காலே வேலை செய்யாது. உலர் முறையில் கையைப் பழக்குங்க. தின்னர் வைத்துத் துடைப்பதும் வேண்டாம், பிசுக்கு விட்டுப்போகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அது தானாக ஆவியாவதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் ஒத்தி எடுங்க.

லாரியிலிருந்து இறக்கின ஷீட்டை உடனே மேசையில் போடாதீங்க. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு மாதிரி மேலெல்லாம் வேர்க்கும். ஷீட், ரோல் இரண்டும் ராத்திரி முழுக்கக் கடைக்குள் இருக்கட்டும். காலையில் லேசர் தெர்மாமீட்டரால் தகட்டின் சூட்டை அளந்துவிட்டு ஆரம்பிங்க. அறையில் 20 டிகிரி இருந்தாலும் தகடு 8 டிகிரியில் கிடக்கும். ஒட்டப்போவது தகட்டில், பார்க்கிற டிகிரியும் தகட்டுடையதாகத்தான் இருக்கணும்.

"அண்ணே, இதுக்குக் கீழயே கேட்டுக்கறேன். ஷீட்டுக்கு ஷீட் இடைவெளி விடணுமா? ஓனர் ஒட்டினாப்புல வச்சா அழகுங்கறாரு."

விடணும். ஏசிபி 100 டிகிரி சூடு மாறினால் ஒரு மீட்டருக்கு 2.4 மில்லிமீட்டர் விரியும். நீங்க மாட்டுகிற அன்றைக்கு மைனஸ் 10 என்று வைத்துக்கொள்வோம். கோடை வெயிலில் கறுப்பு போர்டு 50 டிகிரியைத் தாராளமாகத் தொடும். 60 டிகிரி வித்தியாசத்துக்கு 4 அடி அகலத்தில் கிட்டத்தட்ட 1.8 மில்லிமீட்டர் வளரும். 12 அடி உயரத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேலே போகும். பக்கவாட்டில் 3 மில்லிமீட்டர் விட்டால் நிம்மதி. ஸ்க்ரூ ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாகப் போடுங்க, இல்லையென்றால் ஷீட் வயிறு தள்ளும். இரண்டு ஷீட்டையும் சேர்த்து மேலே ஒரே ஸ்டிக்கராக ஒட்டவே கூடாது, முதல் குளிர்காலத்திலேயே இணைப்பில் கிழியும். ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனி.

"வணக்கம்ணே, நான் வில்லியனூர், இப்ப எட்மன்டன்ல இருக்கேன். எங்களுக்கு உள்ள லைட் எரியற கிளோ சைன் போர்டு வேலைதான் அதிகம். பேக்லிட் ஃப்ளெக்ஸ் மேல ஸ்டிக்கர் ஒட்டலாமா?"

ஃப்ளெக்ஸுக்கென்றே செய்த, அதோடு சேர்ந்து நீளுகிற ஒளி ஊடுருவும் ஸ்டிக்கராக இருந்தால் ஒட்டலாம்மா. சாதாரண ஸ்டிக்கர், ஃப்ளெக்ஸ் ஆடும்போது வெடிக்கும். ஃப்ளெக்ஸ் வாங்கும்போது எத்தனை டிகிரி குளிரில் விரிசல் விடும் என்பதைக் கேட்டு வாங்குங்க. மடிக்காமல் ரோலாகவே கொண்டுபோங்க. மைனஸ் 20இல் மடிப்பைப் பிரித்தால் மடிப்பு கோட்டிலேயே உடையலாம். ஃப்ளெக்ஸுக்குப் பதில் பாலிகார்பனேட் (கெட்டி பிளாஸ்டிக் ஷீட்) முகப்பாக இருந்தால் ஏசிபியைவிட மூணு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக விரியும், ஃப்ரேமுக்குள் அதற்கு இடம் விடுங்க.

"ஓனர் வெளியிலயே ஒட்டச் சொன்னா என்ன பண்றதுண்ணே? புதுசா வந்தவன், எதிர்த்துப் பேச முடியல."

எதிர்த்துப் பேச வேண்டாம் தம்பி. லேசர் தெர்மாமீட்டர் காட்டுகிற எண்ணையும் ரோல் தாளில் இருக்கிற வரியையும் ஒரே போட்டோவில் எடுத்து, வேலை ஆரம்பிப்பதற்கு முன்னாடி அனுப்பிடுங்க. அங்கே எழுத்தில் இருப்பதை மதிப்பாங்க, இந்தக் குளிரில் ஒட்டினால் தயாரிப்பாளர் வாரண்டியும் கிடைக்காது. அதுக்கு மேலும் செய்யத்தான் வேண்டும் என்றால் போர்டைச் சுற்றி தார்ப்பாய் கட்டி உள்ளே ஹீட்டர் வையுங்க, குறைந்த சூட்டில் ஒட்டுவதற்கென்றே வருகிற ரோலை எடுங்க, ஒட்டின பிறகும் ராத்திரி முழுக்க ஹீட்டரை விட்டுவையுங்க. ஹீட் கன்னை மட்டும் நம்பாதீங்க. தகட்டின் மேல்தோல் மட்டும் சுடும், கையை எடுத்ததும் பின்னாடி இருக்கிற சுவர் அந்தச் சூட்டை இழுத்துக்கும்.

இன்னொன்று, தம்பி. அந்த 10 ஷீட்டுக்கும் ரோல் வாங்கும்போது ஒரே லாட் நம்பரா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்க. வேறு லாட் கலந்தால் நிறம் லேசாக மாறும், 40 அடி நீளத்தில் அது தூரத்திலிருந்தே தெரியும். மிச்சமாகும் ஒரு மீட்டரைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்க, நாளைக்கு லாரி ஒரு மூலையை உரசினால் அதைவிட்டு வேறு எங்கேயும் அந்த நிறம் கிடைக்காது.