மரப் போர்க்கப்பல் ஒன்றின் சேவைக்காலம் எவ்வளவு?

கரையோரவன், முல்லைத்தீவு:
என் அப்பப்பாவின் மரவள்ளம், ஆண்டுதோறும் கரையேற்றிக் கலப்பத்துப் பார்த்தும் (பலகை இடுக்குகளை அடைத்தும்), இருபது ஆண்டுகளைத் தாண்டவில்லை. கடற்புழு அடிப்பலகையைச் சல்லடையாக்கிவிட்டது. ஆனால் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய ‘டிரிங்கோமலி’ என்னும் பாய்மரப் போர்க்கப்பல், 1817இல் நீரில் இறக்கப்பட்டு, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. இது எவ்வாறு இயன்றது?

மாங்குளம் தச்சன்:
மரத்திலிருந்தே தொடங்க வேண்டும், தம்பி. இக்கப்பலைப் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கினால் கட்டினார்கள். ஓக் மரத்தின் துவர்ப்பு அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும், தேக்கிலோ இயல்பாகவே எண்ணெய்ப்பசை இருப்பதால் அது எளிதில் உளுத்துப்போவதில்லை, ஆணியும் நெடுநாள் தாங்கும். ஆயினும் புழுவைத் தடுக்கத் தேக்கு மட்டும் போதாது என்பதால், அக்காலப் போர்க்கப்பல்களின் நீருக்குள் அமிழும் பகுதிக்குச் செப்புத் தகடு வேய்ந்தார்கள். உங்கள் அப்பப்பாவின் வள்ளத்துக்கு அந்த வசதி ஏது?

வவுனியா வாசகர்:
எனினும் வயதையும் சேவையையும் ஒன்றாக எண்ணலாகாது. நெப்போலியனுடனான போர்கள் முடிந்தபின் பிறந்த இக்கப்பல், 1819இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தை அடைந்து, 1845 வரை வேலையின்றி அங்கேயே கட்டிக் கிடந்தது. பின்னர் 26 பீரங்கிகள் கொண்டதாக மாற்றப்பட்டு, 1847 முதல் 1850 வரை வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்களிலும், 1852 முதல் 1857 வரை பசிபிக்கிலும் சுற்றியது. வெளிநாட்டுக் கடல்களில் அது ஆற்றிய பணி அவ்வளவுதான். என் கணக்கில் பத்து ஆண்டுகூட இல்லை. அதன்பின் பயிற்சிக் கப்பலாயிற்று. 1897இல் கப்பல் உடைப்பவர்களுக்கு விற்கப்பட்டதை வேறொருவர் வாங்கி, ‘ஃபூட்ரோயன்ட்’ எனப் பெயர் மாற்றிச் சிறுவர்களுக்குப் பயிற்சியளிக்கப் பயன்படுத்தினார். அப்பணி 1986 வரை நீடித்தது. 1987இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டு, 1992இல் பழைய பெயரையும் 2001இல் முழுச் சீரமைப்பையும் பெற்றது. இதைவிட மூத்த பிரித்தானியப் போர்க்கப்பலான ‘விக்டரி’ (1765) 1922 முதல் நீர் வடித்த உலர்துறையில் நிற்கிறது, மிதக்கவில்லை.

கரையோரவன், முல்லைத்தீவு:
இருவருக்கும் நன்றி. அண்ணரிடம் இன்னும் ஒரு மரவள்ளம் இருக்கிறது. அதன் அடிக்குச் செப்புத் தகடு அடிக்கலாமா?

மாங்குளம் தச்சன்:
அதில் இரும்பு ஆணி இருந்தால் வேண்டாம், தம்பி. உப்புநீரில் செம்பும் இரும்பும் சேர்ந்திருந்தால் இரும்பு விரைவாக அரித்துப்போகும். பிரித்தானியக் கடற்படையும் 18ஆம் நூற்றாண்டில் இதைப் பட்டுத்தான் கற்று, நீருக்குள் இருக்கும் பகுதிக்குச் செப்புக் கலவை ஆணிகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. முதலில் அடிப்பலகையின் ஆணிகளைப் பாருங்கள்.