நூறு வரை சொல்கிறான், ஆறு ஸ்பூன் எடுத்து வரத் தெரியவில்லை

குட்டிவாலு அம்மா:
பையனுக்கு நாலே முக்கால் வயது, யூகேஜி. ஒன்றிலிருந்து நூறு வரை கடகடவென்று ஒப்பிப்பான், வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் நிகழ்ச்சியே அதுதான். போன ஞாயிறு நாத்தனார் குடும்பம் சாப்பிட வந்திருந்தபோது "ஆறு ஸ்பூன் எடுத்துட்டு வா கண்ணா" என்றேன். இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தான், பதினொன்று இருந்தது. எண்ணிக் காட்டு என்றால் விரல் ஒரே ஸ்பூன் மேல் நிற்கிறது, வாய் மட்டும் ஏழு எட்டு என்று ஓடுகிறது. பள்ளியில் சொன்னால் தினமும் இரண்டு பக்கம் எண் எழுத வையுங்கள் என்கிறார்கள், நோட்டை எடுத்தாலே அழுகை. நானும் அவரும் வேலைக்குப் போகிறோம், ஏழு மணிக்கு மேல் சமையலோடு சமையலாக என்ன செய்ய முடியும் என்று யாராவது சொல்லுங்களேன்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
கவலைப்படாதேம்மா. அவன் இப்போது சொல்வது பாட்டு, "நிலா நிலா ஓடி வா" மாதிரி. எண்ணுவது வேறு வேலை. ஒன்றாம் வகுப்பில் வருஷா வருஷம் இப்படி ஏழெட்டுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

நூறை மூட்டை கட்டி வை, ஐந்துக்குள் நில். பூண்டு உரிக்கும்போது பல்லை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு அவனே மாற்றட்டும், ஒரு பல்லுக்கு ஓர் எண். விரலால் தொட்டு எண்ணினால் தொட்டதையே மறுபடி தொடுவார்கள், எடுத்து நகர்த்தினால் அந்தத் தப்பு வராது. எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேள். உடனே "அஞ்சு" என்றால் புரிந்துவிட்டது. திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை, திட்டாதே, நாளைக்கும் பூண்டு உரிக்கத்தானே போகிறாய்.

அப்புறம் சாப்பாட்டுத் தட்டு போடுவது அவன் பொறுப்பு. "நாலு தட்டு எடு" என்று நீ எண்ணைச் சொல்லிவிடாதே, "எல்லாருக்கும் தட்டு எடு" என்று சொல், எத்தனை என்பதை அவனே கண்டுபிடிக்கட்டும்.

இன்னொன்று, கொண்டைக்கடலையை ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை வைத்துவிட்டு ஒரு வரிசையை மட்டும் அவன் கண்ணெதிரிலேயே தள்ளித் தள்ளி வை. எதில் அதிகம் என்றால் நீளமான வரிசையைத்தான் காட்டுவான். பியாஜே என்ற சுவிஸ் அறிஞர் இதைத்தான் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார். ஆறேழு வயதில் தானாகச் சரியாகும், இப்போது திருத்த வேண்டாம், வேடிக்கை பார்.

தாயக்கட்டை:
டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் வீட்டில் பெரியவளுக்குக் கைகொடுத்தது தாயம். பித்தளைக் கட்டை இரண்டு, பக்கங்களில் 1, 2, 3, ஒன்று வெறுமை. விழுந்ததைக் கூட்டித்தான் காய் நகர்த்த வேண்டும், கூட்டத் தெரியாவிட்டால் தம்பி ஏமாற்றிவிடுவான் என்ற பயத்திலேயே ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அது ஏன் என்று கேட்டாள், எனக்கும் தெரியவில்லை. ஆனால் உங்கள் பையனுக்கு இது ஒரு வருடம் கழித்துத்தான். இப்போதைக்குச் சொட்டாங்கல் பாருங்கள், ஒரு கல்லை மேலே வீசிவிட்டு மிச்ச நாலை ஒவ்வொன்றாக, அடுத்து இரண்டு இரண்டாக, அடுத்து மூன்றும் ஒன்றும், கடைசியில் நாலையும் சேர்த்து அள்ள வேண்டும். நாலை எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்று கைக்கே தெரிந்துவிடும். சின்னக் கை என்பதால் மேலே வீசாமல் அள்ளினாலே போதும்.

ஒரு எச்சரிக்கை. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை வைத்து ஆடியபோது சின்னவன் ஒன்றை மூக்கில் போட்டுக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பெரிய சோழியாகப் பார்த்து எடுங்கள்.

வேலூர்க்காரன்:
நல்ல ஆப் நிறைய இருக்கே, எதுக்கு இவ்வளவு பாடு?

ஓய்வுபெற்ற டீச்சர்:
ஆப்பில் தப்பாகத் தொட்டால் டொய்ங் என்று சத்தம் வரும், அவ்வளவுதான் தம்பி. தட்டு ஒன்று குறைந்தால் பாட்டிக்குச் சாப்பாடு இல்லை.

மல்லிப்பூ:
எந்த மொழியில் எண்ணுகிறான்? யூகேஜி என்றால் இங்கிலீஷாகத்தான் இருக்கும். லெவன், ட்வெல்வ் என்ற பெயர்களுக்குள் பத்து கண்ணுக்கே தெரியாது, பதினொன்று, பன்னிரண்டு என்றால் காதிலேயே பத்து கேட்கும். எங்கள் பொண்ணு தமிழில் எண்ண ஆரம்பித்ததும் இருபத்தொன்று, முப்பத்தொன்று எல்லாம் தானாகவே கட்டிக்கொண்டாள். தொண்ணூறில் மட்டும் மாட்டிக்கொண்டாள், எண்பத்தொன்பதுக்கு அப்புறம் "ஒன்பது பத்து" என்றாள். அவள் சொன்னதில்தான் நியாயம் இருக்கிறது என்று தோன்றியது, இருந்தாலும் தொண்ணூறு என்று சொல்லிக்கொடுத்தேன்.

குட்டிவாலு அம்மா:
எல்லாருக்கும் நன்றி. நோட்டை எடுத்து வைத்துவிட்டேன். நேற்று பூண்டு ஐந்து பல், மூன்று தடவை சொதப்பல், நாலாவது தடவை மொத்தம் "அஞ்சு" என்றான். ராத்திரி தட்டு எடுக்கச் சொன்னேன். அத்தை, நான், அவன், மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தோம், நாலு தட்டு கொண்டுவந்தான். ஒன்று அதிகமாக இருக்கிறதே என்றேன். "அப்பா லேட்டா வருவாங்கள்ல?" என்று நாலாவது தட்டை மூடி வைக்க மூடி தேடிக்கொண்டு போனான்.