கறுப்பு வெடிமருந்துப் பிஸ்டல்: சூட்டு லைனில கண்டு இன்னும் மனசை அரிக்கிற ஒண்டைச் சொல்லுங்கோ (திருமலை ஆக்கள், அவரவர் புனைபேரில)

உப்புவெளி வடக்கு

எம்.எல்.ஏ.ஐ.சி. (வாயால நிறைக்கிற துவக்குப் போட்டியளுக்கான உலக அமைப்பு) விதிப் புத்தகம் எல்லாரிட்டயும் இருக்கு, அதை விடுங்கோ. 25 மீட்டர், 13 வெடி, 30 நிமிசம், நல்ல 10 எண்ணுப்படும். இது கேப் (தட்டினா பொறி தாற சின்ன உலோகத் தொப்பி) வச்சுச் சுடுற ஒற்றை வெடிப் பிஸ்டல், குக்கன்றொய்ட்டர் பிரிவு. லைனில ஆறாவது இடம்.

குதிரை (கேப்பைத் தட்டிற சுத்தியல்) விழுந்தது. "டிக்." கேப் வெடிச்ச சத்தம் மட்டும்தான். சுட்டவர் கையை இறக்கி, பிஸ்டலைச் சரிச்சு, கேப் மாட்டிற நிப்பிளைப் பாக்கக் குனிஞ்சார். அப்ப நிப்பிள் ஓரத்தில நூல் மாதிரி ஒரு புகை. அந்த நூல்தான் கண்ணை விட்டுப் போகுதில்லை. அதுக்குப் பிறகுதான் வெடி. உருண்டை மேசைக்கு முன்னால மண்ணைக் கிளப்பினது. குழல்வாய் இன்னும் ஒரு சாண் திரும்பியிருந்தா ஏழாவது இடத்து ஆளின்ர முழங்கால்.

காரணம் புதுசில்லை. முதல்நாள் பூசின எண்ணெயை நிப்பிள் துவாரத்திலயும் அதுக்குப் பின்னால இருக்கிற நெருப்புப் பாதையிலயும் துடைக்காமல் மருந்து போட்டது. எண்ணெயில ஊறின மருந்துத் துணுக்கு நாலு டக்கெண்டு எரியாது, புகையும். புகைஞ்சு புகைஞ்சு காஞ்ச மருந்தைத் தொடும். அவ்வளவுதான்.

மருந்து போட முன்னம், லைனில நிண்டு, வெறும் பிஸ்டலில ரெண்டு கேப் அடிக்கவேணும். குழல்வாயைப் புல்லுக்குக் கிட்டப் பிடிச்சு அடிச்சா புல்லு ஆடவேணும். ஆடாட்டிப் பாதை அடைச்சுக் கிடக்கு. அடிச்சது கேக்குதா எண்டு பாக்கிறது சோதனையில்லை. கேப் எப்பவும் கேக்கும்.

தம்பலகாமம் வயல்காரன்

அண்ணை சொன்னது சரி. ஆனா "டிக்" எண்டா என்ன செய்யிறதெண்டு எழுதாமல் விட்டுட்டார். கோயில் வேட்டு வெடிக்காட்டிக் குனிஞ்சு பாக்காதே எண்டு எங்கட ஊரில சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கையில பிஸ்டல் வந்தா மட்டும் அது மறந்துபோகுது.

பிஸ்டல் இலக்கைப் பாத்தபடி நிக்கவேணும். மற்றக் கையை உயத்து. 30 செக்கன் எண்டு கன இடத்தில வச்சிருக்கினம், ஒரு நிமிசம் கேக்கிற றேஞ்சும் இருக்கு. ஒரு நிமிசம் நிண்டா ஒண்டும் குறையாது. 30 நிமிசத்தை 13ஆல பிரிச்சா ஒரு வெடிக்கு 2 நிமிசம் 18 செக்கன் வருது. அதோட 13இல 3 வெடி எண்ணுப்படாது. அவசரத்துக்கு ஒரு நியாயமும் இல்லை.

பிறகு புதுக் கேப் வச்சு அடி. திரும்பவும் டிக் எண்டா திரும்பவும் அந்த நேரம் நில்லு. அதுக்குப் பிறகுதான் றேஞ் ஒபீசரைக் கூப்பிட்டு, கேப்பை எடுத்து, நிப்பிளுக்குள்ள ஊசிக் கம்பி விட்டுக் கிளறி, ஒரு கிள்ளு நைஸ் மருந்தைத் துவாரத்துக்குள்ள தட்டி விட்டு, கேப் வச்சு இலக்குக்கே அடிக்கிறது. நிறைச்ச பிஸ்டலோட லைனை விட்டு ஒரு அடி பின்னுக்கு எடுக்கப்படாது. திருத்திற மேசை பின்னால இருக்கட்டும், அது வெறும் பிஸ்டலுக்கு.

சொல்ல வந்தது இதில்லை. குழலில மோதிரம் விழுந்த ஒரு பிஸ்டல். வெளியில தடவினா விரலுக்குத் தெரியும், பாம்பு எலியை விழுங்கின மாதிரி ஒரு புடைப்பு, குழல்வாயில இருந்து நாலு விரல் உள்ளுக்கு. உருண்டை மருந்தில போய் இருக்கேல்லை. எரிஞ்ச மருந்துக் கழிவு இறுகினதால பாதி வழியில நிண்டிட்டுது, உருண்டையை இறக்கிற இடிகம்பி முட்டினதை அடியெண்டு நினைச்சுச் சுட்டிருக்கினம். மருந்துக்கும் உருண்டைக்கும் நடுவில காத்து இடைவெளி இருந்தா அழுத்தம் உருண்டை நிக்கிற இடத்திலதான் அடிக்கும்.

இடிகம்பியில ரெண்டு கோடு போடுங்கோ. வெறுங்குழலுக்கு ஒண்டு, சரியா நிறைச்ச குழலுக்கு ஒண்டு. நிறைச்ச குழலின்ர கோடு குழல்வாய்க்கு வராட்டிச் சுடாதை. இடியன் துவக்கு (கம்பியால இடிச்சு நிறைக்கிற நாட்டுத் துவக்கு) பாத்து வளந்த எங்கட ஆக்களுக்கு இன்னொண்டு: பேர்தான் இடியன், பிஸ்டலில இடிக்கப்படாது. கம்பி துள்ளத் துள்ளக் குத்தினா ஈய உருண்டை சப்பையாகும், மருந்து மணியும் நொறுங்கும். ஒரே பாரமா அமத்தினாக் காணும்.

ஏழுகிணறு

றிவோல்வர் ஆக்கள் ஒருத்தரும் எழுதேல்லையே. மரியெட் பிரிவு. குதிரை விழ ஒரு வெடியில்லை, மூண்டு. ஒண்டு குழலால போனது, ரெண்டு குழலுக்கு ரெண்டு பக்கத்தாலயும். சத்தம் வித்தியாசமாயே இல்லை, ஒரு பெரிய வெடி மாதிரித்தான். சிலிண்டரைத் திருப்பிப் பாக்கேக்கதான் அறைகள் வெறுமையாக் கிடந்தது. சுட்டவருக்குக் காயமில்லை, ஏனெண்டா ஒற்றைக் கையால பிடிச்சிருந்தார். மற்றக் கையைச் சிலிண்டருக்கு முன்னால குடுத்திருந்தா விரல் மிஞ்சாது.

இப்பிடிப் பல அறை சேந்து வெடிக்கிற தொடர்வெடிக்கு முன்வாசலா பின்வாசலா எண்டு சண்டை முடியாது. முன்னால எண்டா உருண்டைக்கும் அறைச் சுவருக்கும் நடுவால நெருப்பு. பின்னால எண்டா தளர்வான கேப் கழண்டு விழுந்து, திறந்த நிப்பிளால நெருப்பு. ரெண்டையும் அடைச்சா சண்டை தேவையில்லை.

முன்வாசல்: உருண்டை அறையைவிடக் கொஞ்சம் பெரிசா இருக்கவேணும். .44 (அங்குலக் கணக்கு) றிவோல்வருக்குத் தயாரிப்பைப் பொறுத்து .451 அல்லது .454, .36க்கு .375. அமத்தேக்க உருண்டையைச் சுத்தி மெல்லிசா ஈய வளையம் சீவுப்பட்டு வெளியில வரவேணும், முழு வட்டமா. பாதி வளையம் வந்தா அந்த உருண்டையை நம்பாதை. அதுக்கு மேல கிறீஸ், இல்லாட்டி மருந்துக்கும் உருண்டைக்கும் நடுவில கம்பளி வில்லை.

பின்வாசல்: கேப் நிப்பிளில இறுக்கமா இருக்கவேணும். 10ஆம் இலக்கமோ 11ஆம் இலக்கமோ, எது பொருந்துதோ அது. பெரிசை நசுக்கி நீள்வட்டமாக்கி மாட்டிற பழக்கம் கன பேருக்கு இருக்கு. அது நிக்கும், ஆனா நிப்பிளையே மாத்துறது உத்தமம். அமத்த மரக்குச்சிதான், பெருவிரல் வேண்டாம்.

இலக்குக்குச் சுடுறதுக்கு .44இல 20 கிரெய்ன் அளவு காணும், 1.3 கிராம். அறை பாதிதான் நிரம்பும், உருண்டை ஆழத்தில கிடந்தா குழலுக்குள்ள ஏற முன்னம் வெறுமையில பாயும், குறி சிதறும். அதுக்கு மருந்துக்கு மேல ரவை போடுறது. சமையல் ரவைதான். எங்கட பேப்பர்காரருக்கு ரவை எண்டா துவக்குக் குண்டு, ஆகவே ரவைக்கு மேல ரவை. முதல்ல மருந்து, பிறகு ரவை. மாறிப் போட்டா நிப்பிளுக்குப் பக்கத்தில உப்புமாதான் கிடக்கும், டிக் டிக் எண்டு அடிச்சுக்கொண்டு நிக்கவேண்டியதுதான்.

கோட்டைவாசல்

தொடர்வெடி, தொடர்வெடி எண்டு எல்லாரும் றிவோல்வரையே பயப்படுகினம். ஏழுகிணறு கோவிக்கவேண்டாம், லைனில ஆக ஆபத்தான சாமான் பித்தளை மருந்துக் குடுவை. மூடி திறந்து மேசையில நிமிந்து நிண்ட ஒரு குடுவை. பக்கத்து இடத்தில சிக்கிமுக்கிப் பிஸ்டல், கொமினாற்சோ பிரிவு. அது சுடேக்க வலது பக்கத் துவாரத்தால நெருப்பு ஒரு முழம் பக்கவாட்டில பாயும். பாய்ஞ்சது. பொறி ஒண்டு குடுவைக் கழுத்தில பட்டு அணைஞ்சது. கழுத்தில. ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை, றேஞ் ஒபீசர் வந்து மூடியை மூடிப்போட்டுக் குடுவையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இதுக்காகத்தான் எம்.எல்.ஏ.ஐ.சி. விதியில ஒவ்வொரு வெடிக்கும் தனித்தனியா அளந்த குப்பி. குடுவையால நேரக் குழலுக்குள்ள ஊத்தப்படாது. குழலுக்குள்ள ஒரு தணல் கிடந்தா குப்பியில இருக்கிற 20 கிரெய்ன் பத்தும், கை சுடும். குடுவையெண்டா கால் கிலோ கையிலயே வெடிக்கும். குப்பியில இன்னொரு புண்ணியம்: 13 குப்பியைக் கட்டையில நிரையா அடுக்கி, ஊத்தினதைத் தலைகீழாக் குத்தி வச்சா எத்தனை சுட்டது, இப்ப மருந்து போட்டதா இல்லையா எண்டு கண்ணே சொல்லும். ரெண்டு தரம் போடுறதும் போடாமல் உருண்டையை இறக்கிறதும் ரெண்டும் அதால நிக்கும்.

தணலை அணைக்க வாயால ஊதுற ஆக்கள் இன்னும் இருக்கினம். குழல்வாயில முகத்தை வைக்கிறதை எந்த நல்ல றேஞ்சும் விடாது. ஈரத் துணி ஒண்டு, பிறகு காஞ்சது ஒண்டு.

சிக்கிமுக்கிக்காரருக்குப் பக்கத்தில நிக்கிறவை நடுவில தடுப்புப் பலகை கேளுங்கோ. கேக்கிறது வெக்கமில்லை. கண்ணாடியும் காதடைப்பும் இல்லாமல் லைனுக்கு விடவே மாட்டினம், அதை நான் எழுதத் தேவையில்லை.

மூதூர்த் தங்கச்சி

கோட்டைவாசல் அண்ணை, குப்பி அடுக்கியும் மறந்தவையைக் கண்டிருக்கு. குப்பியை எடுக்கேக்க பக்கத்து ஆள் கதை குடுக்க, குப்பி தலைகீழா நிண்டுது, மருந்து புல்லில. உருண்டை துணியோட அடிமட்டும் போட்டுது, வெறுங்குழலில. அந்த முகத்தைப் பாக்கவேணும், கலியாண வீட்டில தாலியை வீட்டில விட்டிட்டு வந்தவர் மாதிரி.

எடுக்கிற வழி யாரும் எழுதேல்லை, ஆகவே: கம்பி முனையில திருகாணி மாட்டி ஈயத்துக்குள்ள திருகி இழுக்கலாம், ஆனா மருந்து இல்லையெண்டு நூறு வீதம் தெரிஞ்சா மட்டும். காபனீரொட்சைட்டுக் குப்பியால தள்ளுறது சுகம். ரெண்டும் இல்லாட்டி, ஒபீசர் நிக்க, நிப்பிளைக் கழட்டி, அந்த ஓட்டையால ரெண்டு மூண்டு கிரெய்ன் மருந்தைத் தட்டித் தட்டி விட்டு, கம்பியால உருண்டையை திரும்ப அடிவரை அமத்தி, நிப்பிளைப் பூட்டி, கேப் வச்சு இலக்குப் பக்கம் சுட்டு வெளியேத்துறது. அமத்திற படியை விட்டா வயல்காரன் சொன்ன எலி விழுங்கின பாம்புதான்.

சீனன்குடா

எல்லாரும் வெடிக்கிறதையே எழுதுறியள். வெடிச்சு முடிஞ்ச பிறகுதான் பிஸ்டல் சாகுது.

ஊருக்குக் கொண்டுவந்த ஒரு பழைய நிப்பிள், கழுவாதது, கடுதாசியில சுத்தினது. உப்புவெளிக் காத்தில மூண்டு நாள். கடுதாசியைப் பிரிச்சா நிப்பிளில்லை, செங்கல்தூள் பூசின ஒரு கட்டி. திருகுப்புரி தெரியேல்லை.

கறுப்பு மருந்து எரிஞ்சா பாதிக்கு மேல திண்மமா மிஞ்சும், அதான் அந்தப் புகையும் கரியும். அதில இருக்கிற பொற்றாசியம் உப்புகள் காத்தில ஈரத்தை இழுக்கும். கடல் காத்தெண்டா கேக்கவேண்டாம், கோட்டைப் பக்கம் இரும்புக் கேற் என்ன பாடு படுதெண்டு தெரியும்தானே. எண்ணெய் பூசினா அந்த உப்பு போகாது, எண்ணெய்க்குக் கீழ இருந்து தின்னும். தண்ணிதான் கரைக்கும். சுட்ட அண்டைக்கே, நிப்பிளைக் கழட்டி, சுடுதண்ணியில ரெண்டு துளி சவர்க்காரம் விட்டு, துணி வெள்ளையா வரும் வரைக்கும். சுடுதண்ணி எண்டா குழல் தானாக் காயும். பிறகு மெல்லிசா எண்ணெய். அடுத்தநாள் திரும்ப ஒரு துணி விட்டுப் பாக்கிறது, மஞ்சள் வந்தா திரும்பக் கழுவு.

வண்டி எஞ்சின் எண்ணெயைக் குழலுக்குப் பூசிப்போட்டுச் சுடாதேங்கோ, கரியோட சேந்து தார் மாதிரி ஒட்டும். உருண்டைக்கு மேல தேங்காயெண்ணெய் மட்டும் வைக்கிற ஆக்களுக்கு: அது 24 பாகையிலயே உருகத் தொடங்கும். ஐரோப்பாவில காலமை உறைஞ்சு நிக்கும், எங்கட வெயிலில சிலிண்டரால வழிஞ்சு மருந்துக்குள்ள போகும், பிறகு உப்புவெளி அண்ணையின்ர புகை நூல். தேன்மெழுகு கலந்தா நிக்கும்.

சுட்டு முடிஞ்ச கையோட வடையைத் தூக்காதேங்கோ. கையில ஈயம்.

தம்பலகாமம் வயல்காரன்

றிவோல்வரில கேப் துண்டு குதிரைக்குள்ள விழுந்து சிலிண்டர் சுத்தாமல் நிக்கிறதுக்கு, பிஸ்டலை மேல தூக்கிக் குதிரையை இழுத்தா துண்டு பின்னால விழும் எண்டு சில பேர் சொல்லிக் குடுக்கினம். ஏழுகிணறும் அந்தக் கட்சி எண்டு நினைக்கிறன். இலக்குக்குப் பின்னால இருக்கிற மண்மேட்டுக்கு மேல குழல்வாய் போனா லைனை விட்டு அனுப்புவினம், சரியாத்தான் அனுப்புவினம்.

ஏழுகிணறு

நான் எங்க அப்பிடி எழுதினனான்? குழல்வாய் இலக்கைப் பாத்தபடியே இருக்க, குறட்டால துண்டை எடுக்கிறது. துண்டு அடிக்கடி விழுந்தா நிப்பிள் துவாரம் தேஞ்சு பெருத்திட்டுது எண்டு அர்த்தம், பின்னால அடிக்கிற வாயு குதிரையையே தூக்குது. நிப்பிளை மாத்து. வாசிக்காமல் கட்சி சேக்காதேங்கோ தம்பி.

கோட்டைவாசல்

உரிமம் பற்றி ஊரில இருந்து தனிய எழுதிக் கேக்கிறவைக்குப் பொதுவாவே சொல்லிறன். ஜேர்மனியில ஒற்றை வெடிக் கேப் பிஸ்டலுக்கு 18 வயது காணும், ஆனா மருந்து வாங்க வெடிபொருட் சட்டம் 27ஆம் பிரிவு அனுமதி வேணும், அது 5 வருசத்துக்கு. றிவோல்வருக்கு வேற உரிமம். அதை வச்சு இலங்கையிலயும் அப்பிடித்தான் எண்டு நினைக்காதேங்கோ. இங்க 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம், மருந்துக்கு 1956ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டம். லைசன்ஸ் இல்லாத இடியன் ஒண்டு பரணில கிடந்தா அதை வச்சுப் பழகிறது விளையாட்டில்லை.

மூதூர்த் தங்கச்சி

ஏழுகிணறு அக்கா, வறுத்த ரவையா வறுக்காததா?

ஏழுகிணறு

வறுக்காதது. ஈரமில்லாமல், மூடின போத்தலில. வண்டு கிடக்கா எண்டும் பாக்கவும்.