கலைச்சொல் விவாதம்: ஹெட்செட்டில் தம் குரலையே கேட்பதற்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

விமானத்தின் ஹெட்செட்டிலும் இண்டர்காமிலும் ஓடும் பேச்சை வீடியோ கேமராவில் பதிவு செய்வது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ஒலிவாங்கி, மின்மறுப்பு, மின்தேக்கி, செருகி போன்றவற்றுக்கு நம் பழைய பட்டியலே போதுமானதாக இருந்தது. சைடுடோன் என்ற ஒரு சொல்லில் வேலை நின்றுவிட்டது. விமானி பேசும்போது அவர் குரலே அவர் காதுக்குள் ஒலிக்கிறதே, அதுதான் சைடுடோன். இச்சொல் வரும் முக்கியமான வாக்கியத்தைத் தருகிறேன்:

“கேமராவை ஹெட்போன் துளையோடு இணைத்தால், காதில் விழுவது எதுவோ அதுவே பதிவாகும், ஆகவே ______ இல்லாத அமைப்பில் எதிர்முனையில் பேசுபவரின் குரல் பதிவாகும், விமானியின் குரல் பதிவாகாது.”

கோடிட்ட இடத்தில் என்ன போடலாம்? என்னிடம் உள்ள ஒரு பட்டியலில் ‘பக்கவொலி’ என்று இருக்கிறது. அதைப் படிப்பவர் பக்கத்து இருக்கையிலிருந்து வரும் ஒலி என்றே எடுத்துக்கொள்வார். இருவர் அருகருகே அமரும் சிறு விமானத்தைப் பற்றிய நூலில் அந்தத் தவறான பொருள் மிக இயல்பாகப் பொருந்திவிடும் என்பதுதான் என் அச்சம். ‘எதிரொலி’ போதுமா என்றும் யோசித்தேன். குழுவினர் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஒலிப்பொறியாளர் எழுதியது:

வணக்கம். பெயர் வைக்கும் முன் அந்த ஒலி எங்கே பிறக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சிறு விமானங்களின் ஹெட்செட்டில் பெரும்பாலும் இரண்டு செருகிகள் இருக்கும். 6.35 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது காதுக்கு. சற்று மெலிந்த, 5.23 மில்லிமீட்டர் உள்ளது ஒலிவாங்கிக்கு. கேமராவுக்கான ஒலியைக் காதுக்குப் போகும் வழியிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒலிவாங்கி வழியில் கை வைக்கலாகாது. பழைய கரித்தூள் ஒலிவாங்கிகளுக்காக ஏற்பட்ட நேர்திசை மின்னழுத்தம் அந்தக் கம்பியில் இன்றும் இருக்கிறது. அதே செருகியின் நுனியில்தான் பேசு பொத்தானும் இணைந்திருக்கிறது. அந்த நுனி தவறுதலாகத் தரைக்கம்பியைத் தொட்டால் ரேடியோ அனுப்பத் தொடங்கிவிடும், அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாமல் போகும். கையேட்டில் இந்த எச்சரிக்கை இல்லையென்றால் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.

காதுக்குப் போகும் வழியில் மூன்று ஒலிகள் கலந்து வருகின்றன: ரேடியோவில் வரும் குரல், இண்டர்காமில் மற்றவர்கள் பேசுவது, பேசுபவரின் குரலே பெருக்கியில் கிளைபிரிந்து அவர் காதை அடைவது. இந்த மூன்றாவதுக்குத்தான் பெயர் தேடுகிறோம். கலவையின் அளவு ஒரு வோல்ட்டை எளிதில் எட்டும்; கேமராவின் ஒலிவாங்கித் துளையோ சில மில்லிவோல்ட்டுகளையே எதிர்பார்க்கும். அதனால் இடையில் 10 கிலோ ஓம், 100 ஓம் என இரண்டு மின்தடைகளை வைத்து ஏறக்குறைய நூறில் ஒரு பங்காக, அதாவது 40 டெசிபெல் குறைக்கிறோம். கேமரா தன் ஒலிவாங்கிக்காகத் தரும் சிறு மின்னழுத்தம் விமானத்தின் பக்கம் நுழையாதிருக்க ஒரு மின்தேக்கியும் வேண்டும்.

‘எதிரொலி’ கூடாது. எதிரொலி பிந்தி வருவது. இது உடனே வருவது. சற்றே பிந்தி வந்தாலும் பேசுபவரின் நாக்கு தடுமாறத் தொடங்கும். இந்த ஒலி எதற்காக இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இரைச்சலில் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துகிறார் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் விளக்கினார். காதை இறுக மூடும் ஹெட்செட்டுக்குள் தம் குரல் சரியான அளவில் கேட்டால்தான் விமானி கத்தாமலும் முணுமுணுக்காமலும் பேசுவார். ஆகவே குரல் பேசியவரிடமே வந்து சேருகிறது என்ற கருத்து பெயரில் இருக்க வேண்டும். ‘மீள்குரல்’ என்பது என் முன்மொழிவு.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

அன்புடையீர்,

‘எதிரொலி’யை விலக்கியது சரியே. ஆனால் ‘மீள்குரல்’ என்பதிலும் அதே குறை சற்று மெலிந்த வடிவில் இருக்கிறது. மீளுதல் என்றால் சென்று திரும்புதல். இக்குரல் எங்கும் செல்லவில்லை. பெருக்கிக்குள் கிளைத்துச் செவிக்கு வருகிறது என்று பொறியாளரே எழுதியிருக்கிறார். ‘பக்கவொலி’யைப் பொறுத்தவரை, பக்கம் என்பது வடசொல்லா, ‘பகு’ என்னும் வேரிலிருந்து எழுந்த தமிழ்ச்சொல்லா என்ற பழைய வழக்கை இங்கே விரிக்க விரும்பவில்லை. நான் பகு என்னும் வேரின் பக்கம் நிற்பவன். ஆயினும் அந்தக் கலைச்சொல்லை ஏற்கவில்லை. அது ஆங்கிலச் சொல்லின் இரண்டு பாதிகளையும் தனித்தனியே பெயர்த்து ஒட்டியது, பொருளைப் பார்த்துப் பிறந்ததன்று.

நான் முன்வைப்பது ‘தற்கேள்வி’. கேள்வி என்றவுடன் வினா என்று எண்ணுவது இன்றைய பழக்கம். கல் என்பதிலிருந்து கல்வி, தோல் என்பதிலிருந்து தோல்வி, வேள் என்பதிலிருந்து வேள்வி பிறந்தாற்போல, கேள் என்பதிலிருந்து கேட்டல் என்னும் தொழிலுக்குப் பெயராகப் பிறந்தது கேள்வி. திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்கு அதுவே தலைப்பு. அங்கே அது செவியால் பெறும் செல்வத்தைக் குறிக்கிறது. தன்னைத் தானே கேட்டல் தற்கேள்வி. பொருளும் இலக்கணமும் இவ்வளவு நெருங்கி அமைந்த மற்றொரு சொல்லை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

குரல் என்ற சொல்லே வேண்டும் என்பீராயின் ‘தற்குரல்’ எனலாம். தன், என் ஆகியவற்றின் ஈற்று னகரம் வல்லினத்தின் முன் உறழும், அதாவது திரிந்தும் திரியாமலும் வரும் என்பது நன்னூல் விதி. ஆகவே தன்குரல், தற்குரல் இரண்டும் வழுவல்ல. எனினும் தற்காப்பு, தற்பெருமை, தற்கொலை எனத் திரிந்த வடிவங்களே ஒரு சொல்லாய் இறுகிக் கலைச்சொல்லுக்குரிய கட்டுக்கோப்பைப் பெற்றிருக்கின்றன. குரல் என்பதன் ஆழத்தையும் கருத வேண்டும். ஏழிசையுள் முதலாவது குரல். தினைக் கதிரும் குரல். மகளிர் கூந்தலும் குரல். ஒரு தாளிலிருந்து பலவாய்க் கிளைத்துத் திரண்டு நிற்பது கதிர். ஒரே ஒலிவாங்கியிலிருந்து கிளைத்து ஒரு கிளை ரேடியோவின் அனுப்பிக்கும் (டிரான்ஸ்மிட்டருக்கும்) ஒரு கிளை செவிக்கும் செல்வது இக்குரல். பொறியாளர் ‘கிளைபிரிந்து’ என்று எழுதியபோது அச்சொல்லின் தொன்மையான பொருளைத் தொட்டுவிட்டார் என்றே கருதுகிறேன்.

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர் எழுதியது:

ஐயா, தங்கள் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். கேள்வி என்ற தொழிற்பெயரைப் பற்றிய பகுதி எனக்குப் புதிதாகவே இருந்தது. ஆனால் கையேட்டை வாங்குபவர் ஒரு கையில் கம்பியும் மறு கையில் கேமராவுமாக நின்றுகொண்டு படிப்பவர். ‘தற்கேள்வி இல்லாத அமைப்பில்’ என்று படித்தால், தன்னைத் தானே ஏதோ வினவிக்கொள்ள வேண்டும் என்றே நினைப்பார். ‘தற்குரல்’ என்பதில் தற்காலிகம் வந்து குறுக்கே நிற்கும்.

சொல்லைப் பார்த்தவுடனே பொருள் விளங்கியாக வேண்டும் என்ற நிபந்தனையும் எனக்கு உடன்பாடில்லை. விமானப் பதிவுக் கருவியைக் கருப்புப் பெட்டி என்கிறோம். விமானி அறைப் பேச்சைப் பதியும் கருவியை 1950களில் ஆஸ்திரேலியாவின் டேவிட் வாரன் முன்மொழிந்து உருவாக்கினார். இன்று விமானங்களில் இருப்பது எளிதில் தென்படுவதற்காக ஆரஞ்சு நிறம் பூசப்பட்ட பெட்டி. அது கருப்பு இல்லை என்பதால் யாருக்கும் பொருள் குழம்பவில்லை, ஏனெனில் அந்தப் பெயர் ஒரே பொருளோடு ஊன்றிவிட்டது. சைடுடோன் என்ற சொல் கருவியின் முகப்பிலும் விளக்கத்தாளிலும் இருக்கிறது. அதையே தமிழெழுத்தில் எழுதி, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் தந்தால் போதும். மொழியின் தூய்மையை விட, படிப்பவர் சரியான துளையில் செருகுவது எனக்கு முக்கியம்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

அப்படியானால் இந்தக் குழுவே தேவையில்லை. ஒலிவாங்கி என்ற சொல்லையும் ஒருகாலத்தில் யாரோ புரியாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்று தாங்களும் தயங்காமல் எழுதுகிறீர்கள். புரிதல் பழக்கத்தால் வருவது. பழக்கம் நாம் எழுதுவதால் வருவது. ‘தற்கேள்வி’யைக் கைவிட எனக்கு மனமில்லை, ஆனாலும் வெள்ளிக்கிழமையை முன்னிட்டுத் திரியாத வடிவாகிய ‘தன்குரல்’ என்பதற்கு இசைகிறேன்.

விமானப் பயிற்றுநர் எழுதியது:

குழுவினர்க்கு வணக்கம். நான் தினமும் இந்த ஒலியைக் கேட்டுக்கொண்டுதான் மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். ஆகையால் இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. விமானி தம் குரலைக் காதில் கேட்பது இரண்டு வேறு வழிகளில் நடக்கிறது. பொத்தானை அழுத்தாமல் அருகிலிருப்பவரோடு பேசும்போது இண்டர்காம் அவர் குரலை எல்லாருடைய காதுக்கும், அவர் காதுக்கும் தருகிறது. பொத்தானை அழுத்திக் கட்டுப்பாட்டு மையத்தோடு பேசும்போது காதில் வருவது வேறு. பல ரேடியோக்களில் அது அனுப்பப்படும் அலையிலிருந்தே எடுக்கப்படுவதால், அது கேட்காவிட்டால் அனுப்பி வேலை செய்யவில்லையோ என்று உடனே ஐயுறும்படி மாணவர்களுக்குச் சொல்கிறோம். நாங்கள் சைடுடோன் என்பது இரண்டாவதையே. ‘தன்குரல்’ இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

பதிவு செய்பவருக்கும் இந்த வேறுபாடு தேவை. இண்டர்காம் இல்லாத விமானத்தில் ரேடியோவின் ஹெட்போன் துளையிலிருந்து எடுத்தால், விமானியின் பேச்சில் பொத்தானை அழுத்திப் பேசிய சொற்கள் மட்டுமே பதிவாகும். அருகிலிருப்பவரிடம் சொன்ன எதுவும் இருக்காது. இண்டர்காமை விமானி தனித்துக் கேட்கும் நிலையில் வைத்துவிட்டு, பின்னிருக்கைத் துளையில் கேமராவைச் செருகியிருந்தால் நிலைமை தலைகீழ்: பயணிகளின் பேச்சு முழுவதும் கிடைக்கும், விமானியும் கட்டுப்பாட்டு மையமும் பேசியது ஒரு சொல்கூடக் கிடைக்காது. தரையிறங்கிய பிறகு இதைக் கண்டறிந்து வருந்துபவர்கள் உண்டு. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் எந்த ஒலி விடுபடும் என்பதைக் கையேட்டால் சொல்லவே முடியாது. அனுப்பும்போது மட்டும் கேட்பது என்பதால் ‘அனுப்பொலி’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

ஒலிப்பொறியாளர் எழுதியது:

அம்மையார் சொல்லும் வேறுபாடு உண்மையானது. ஆயினும் தொலைபேசித் துறையில் இச்சொல் இன்னும் விரிந்த பொருளில்தான் வழங்குகிறது: பேசுபவரின் குரல் அவர் காதுக்கே வருவது எதுவாயினும் அதற்கு இதே பெயர். ‘அனுப்பொலி’ என்றால் வெளியே அனுப்பப்படும் ஒலி என்று படிக்க இடமிருக்கிறது. எதிர்முனையில் கேட்பது அதுதானே என்று ஒருவர் கேட்டால் நம்மிடம் விடையில்லை. ‘மீள்குரல்’ என்பதை நான் திரும்பப் பெற்றுக்கொண்டு ‘தன்குரல்’ பக்கம் நிற்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முன்மொழியப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் அந்த வாக்கியத்தில் வைத்துப் படித்துப் பார்த்தேன். ‘தன்குரல் இல்லாத அமைப்பில் எதிர்முனையில் பேசுபவரின் குரல் பதிவாகும், விமானியின் குரல் பதிவாகாது’ என்பது மட்டுமே தனி விளக்கமின்றி நின்றது. குழுவில் பெரும்பான்மையும் அதற்கே இருக்கிறது, இன்னொரு சுற்று விவாதத்துக்கு இடம் தரும் அளவுக்கு நாள்களும் இல்லை. ஆகவே முதல் முறை வரும் இடத்தில் ‘சைடுடோன் எனப்படும் தன்குரல்’ என்றும், பிறகு ‘தன்குரல்’ என்றும் எழுதுகிறேன். பொறியாளர் சொன்ன எச்சரிக்கையையும், பின்னிருக்கைத் துளை பற்றிப் பயிற்றுநர் சொன்னதையும் இணைப்பு பற்றிய இயலில் சேர்த்திருக்கிறேன்.

விமானப் பயிற்றுநர் எழுதியது:

கையேட்டுக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஆனால் நாளை யாராவது விமானப் பயிற்சி நூலைத் தமிழாக்கும்போது இந்தப் பட்டியலைப் பார்த்து, ‘தன்குரல் கேட்டால் அனுப்பி வேலை செய்கிறது’ என்று எழுதிவிடக் கூடும். இண்டர்காமில் தம் குரலைக் கேட்டுவிட்டு ரேடியோ நன்றாக இருக்கிறது என்று ஒரு மாணவர் நம்புவதற்கு அந்த வாக்கியமே காரணமாகிவிடும். எனவே பட்டியலில் இச்சொல்லின் எதிரே, ‘அனுப்பி இயங்குவதற்கான சான்றைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்தலாகாது’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கென வேறொரு சொல் அமையும்வரை என் வகுப்பில் சைடுடோன் என்றே சொல்வேன். என் மறுப்பையும் குறித்து வையுங்கள்.