கரண்டும் ஆர்பிஎம்மும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) குதிக்கின்றன, எதை நம்புவது?

சோல்டர்தம்பி:
ஆர்டுயினோ ஊனோ போர்டு, மோட்டாரை ஓட்ட எல்298என் டிரைவர், 12 வோல்ட் கியர் மோட்டார். 9-ஆம் பின்னிலிருந்து டிரைவரின் எனேபிள் பின்னுக்கு 255இல் 128 பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் சிக்னல், பாதி நேரம் ஆன்) கொடுக்கிறேன். பேட்டரியிலிருந்து டிரைவருக்குப் போகும் பிளஸ் ஒயரில் 20 ஆம்பியர் ஏசிஎஸ்712 கரண்ட் சென்சார் இருக்கிறது. வேகத்துக்கு மோட்டாருடன் சுழலும் 20 துளைத் தட்டு. 100 மில்லிசெகண்டில் எத்தனை துளை கடக்கிறது என்று எண்ணுகிறேன்.

மோட்டார் சீராக ஓடுவது காதுக்கே தெரிகிறது. ஆனால் கரண்ட் ஒரு முறை 0.05 ஆம்பியர், அடுத்த முறை 1.1. ஆர்பிஎம் 210, 240, 210. நடுவில் ஒரு எண்கூட வருவதில்லை. இரண்டாவது கரண்ட் சென்சார் வாங்கியும் இதே கதை.

பழைய ஆர்மேச்சர்:
சென்சாரைத் திட்டாதே தம்பி. நானும் இப்படித்தான் மூன்று வாங்கினேன், மூன்றும் இன்னும் டப்பாவில் நன்றாகவே இருக்கின்றன.

அந்தப் பின்னில் பிடபிள்யூஎம் 490 ஹெர்ட்ஸ், ஒரு ஆன்-ஆஃப் சுற்றுக்கு 2 மில்லிசெகண்ட். ஒரு அனலாக்ரீட், அதாவது ஊனோ வோல்டேஜை ஒரு முறை அளப்பது, 0.1 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். அது ஆன் நேரத்தில் விழுந்தால் 1.1, ஆஃபில் விழுந்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. விடாமல் 200 ரீடிங் எடுத்துச் சராசரி போடு, பத்து சுற்றாவது அடங்கும். சென்சாரையும் டிரைவரிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயரிலேயே தொடராக மாட்டு. கரண்டின் காந்தப்புலத்தை வைத்து அளக்கும் ஹால் சென்சார்தானே, பயமில்லை.

20 ஆம்பியர் மாடல் ஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட்தான் தரும். ஊனோ பிரித்தறியும் மிகச் சிறிய படி 4.9 மில்லிவோல்ட். நீ பார்த்த 0.05 அந்த ஒரே ஒரு படிதான். 5 ஆம்பியர் மாடல் 185 தரும், உனக்கு அதுவே போதும்.

என்கோடர் பைத்தியம்:
ஆர்பிஎம் குதிப்பது வெறும் கணக்கு. 100 மில்லிசெகண்டில் ஒரு துளை கூடினால் 30 ஆர்பிஎம் கூடும், அதனால்தான் 210க்கு அடுத்து நேராக 240. துளையை எண்ணாதீர்கள், நேரத்தை அளங்கள். துளை வந்ததும் உடனே ஓடும் இன்டரப்டில் மைக்ரோஸ் (மைக்ரோசெகண்ட் நேரம்) குறித்து, 20 துளை கடக்க எவ்வளவு ஆனது என்று பாருங்கள். ஒவ்வொரு துளைக்கும் அளந்தால் தட்டு வெட்டிய கோணல் எல்லாம் வேக மாற்றம் போலத் தெரியும். திடீரென்று 900 காட்டினால் அது மோட்டார் பிரஷ்ஷில் பறக்கும் பொறியின் இரைச்சல். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 104 செராமிக் கெப்பாசிட்டர் (0.1 மைக்ரோஃபாரட்) ஒன்று வையுங்கள்.

சோல்டர்தம்பி:
ஆர்பிஎம் இப்போது 224, 226, 225! கரண்டும் 0.6இல் நின்றுவிட்டது. ஆனால் பேட்டரி ஒயரில் வைத்த மல்டிமீட்டர் 0.4 என்கிறது அண்ணா. எது பொய்?

பழைய ஆர்மேச்சர்:
இரண்டும் நிஜம். ஆஃப் நேரத்தில் பேட்டரி எதுவும் தருவதில்லை, மோட்டார் சுருளில் மட்டும் கரண்ட் டையோடு வழியே ஓடிக்கொண்டிருக்கும். டார்க் (சுழற்றும் விசை) வேண்டுமென்றால் 0.6ஐப் பார். பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்றால் 0.4ஐப் பார்.