முதலில் அம்மை குத்தியவர் ஜென்னரா, ஜெஸ்டியா?

கரிசல்மண்:
"மாட்டம்மையைக் குத்திப் பெரியம்மையைத் தடுக்கலாம் என்று முதன்முதலில் செய்துகாட்டியவர் மருத்துவர் எட்வர்ட் ஜென்னர்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனுக்கு ஜென்னர் குத்தியது 1796 மே 14ஆம் நாள். இங்கிலாந்தின் டார்செட் பகுதியிலுள்ள யெட்மின்ஸ்டர் ஊரில் பெஞ்சமின் ஜெஸ்டி என்ற உழவர், காலுறை பின்னும் ஊசியால் தம் மனைவியின் கையையும் இரண்டு மகன்களின் கைகளையும் கீறி, மாட்டு மடிக் கொப்புளத்தின் சீழை வைத்தது 1774இல். இதில் வாதிட என்ன இருக்கிறது?

தாதிமகள்:
எழுதியவள் நான்தான், ஐயா. ஜெஸ்டி தம் குடும்பத்தைக் காத்துக்கொண்டார்; அந்தத் துணிவை மதிக்கிறேன். ஜென்னரோ ஜூலை 1ஆம் நாள் அதே சிறுவனுக்குப் பெரியம்மைச் சீழையே ஏற்றி, அது பற்றவில்லை என்று கண்டார். 1798இல் நூலாகவும் வெளியிட்டார். ஒருவர் கைக் கொப்புளத்திலிருந்து அம்மைப்பால் எடுத்து அடுத்தவர் கைக்கு மாற்றிக்கொண்டே போகலாம் என்பதையும் அதில் காட்டினார். அது தெரியாமல் போயிருந்தால், மாட்டம்மை கண்ட மாடு இல்லாத ஊர்களுக்கு அம்மை குத்துவது எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்?

கரிசல்மண்:
நான் கேட்டது 1774 முந்தியதா, 1796 முந்தியதா என்பதை மட்டும்தான். சோதனைதான் வேண்டுமென்றால், ஜெஸ்டியின் மகன்களுக்கும் பின்னாளில் பெரியம்மைச் சீழ் ஏற்றப்பட்டது, அவர்களுக்கும் பற்றவில்லை. மனைவியின் கை வீங்கிப் பழுத்து, அவர் பிழைப்பாரா என்று கலங்கும் நிலை வந்தபோது ஊரார் ஜெஸ்டியை ஏசித் தீர்த்தார்கள். படிக்காதவர் செய்தால் துணிவு, படித்தவர் செய்தால் கண்டுபிடிப்பு என்று பிரிப்பதை உழவர் வீட்டில் பிறந்த நான் ஏற்க மாட்டேன்.

ஏட்டுச்சுவடி:
இருவருமே இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். தன்வந்திரி பெயரிலுள்ள வடமொழி நூலில் பசுவின் மடிக் கொப்புளத்துச் சீழைக் கையில் குத்துவதைப் பற்றிய செய்யுள் உண்டு.

கரிசல்மண்:
அந்தக் கதை 1819இல் 'மெட்ராஸ் கூரியர்' இதழில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் வந்த கடிதத்தால் பரவியது. பழைய மருத்துவ நூல் எதிலும் அந்தச் செய்யுள் இல்லை. சரிபார்க்காமல் எழுதுவது உங்களுக்கு வழக்கமாகிவிட்டது. குவினைன் விவாதத்திலும் இதையே செய்தீர்கள்.

ஏட்டுச்சுவடி:
பழையதைக் கிளறி என்னை அவமதிக்க வேண்டாம்.

தாதிமகள்:
1805இல் ஜெஸ்டியை லண்டனுக்கு அழைத்து, பொன் பூண் போட்ட கத்திகளைப் பரிசளித்து, உருவப்படமும் வரைவித்த நிறுவனம் யாருடையது? ஜென்னரோடு பகைத்துக்கொண்ட மருத்துவர் ஜார்ஜ் பியர்சனுடையது. ஜென்னரின் புகழைக் குறைக்கவே அந்த உழவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இதை ஏன் மறைக்கிறீர்கள்?

கரிசல்மண்:
பகைவர் பாராட்டினாலும் 1774 என்பது 1796க்குப் பிந்தியது ஆகிவிடாது. நாடாளுமன்றம் 1802இல் 10,000 பவுண்டும் 1807இல் 20,000 பவுண்டும் ஜென்னருக்குத்தான் கொடுத்தது. ஜெஸ்டிக்கு அதில் ஒரு காசு உண்டா?

தாதிமகள்:
பணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தன் ஊரைத் தாண்டி ஒருவருக்கேனும் ஜெஸ்டி அம்மை குத்தினாரா என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கரிசல்மண்:
முந்தியது எது என்பதற்கு நீங்களும்தான் சொல்லவில்லை. 1774, அம்மா. மறுபடியும் எழுதுகிறேன்: 1774.